பெட்டிக்கு மறதி வந்தால்

மயிலாப்பூரிலிருந்து ஒரு சகோதரி நாலு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். சமையல் குறிப்புக் கேட்டு அல்ல. தம் வீட்டுக் கம்ப்யூட்டரைப் பற்றி. 2019-ம் வருஷம் பெண்ணின் காலேஜ் படிப்புக்காக வாங்கிய மேஜைக் கம்ப்யூட்டர் அது. பெண் கல்யாணமாகிப் புக்ககம் போய்விட்டாள். பெட்டி மட்டும் பிறந்த வீட்டிலேயே தங்கி, அப்பாவின் பென்ஷன் கணக்கையும் அம்மாவின் போட்டோக்களையும் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் காலை ஸ்விட்சைப் போட்டதும் வழக்கமான ஜன்னல் படம் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் இங்கிலீஷில் இரண்டே வரி. ஒன்று, 'ஸீமாஸ் செக்ஸம் எர்ரர்'. மற்றது, 'எஃப் 1-ஐ அழுத்தவும்'. அழுத்தினால் சமர்த்தாக உள்ளே போகிறது. ஆனால் தேதி மட்டும் 2019 ஜனவரி 1 என்று காட்டுகிறது. பாங்குப் பக்கத்தைத் திறந்தால், 'இது பத்திரமான இடம் அல்ல' என்று முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்துகிறது. ரிப்பேர்க் கடைக்காரரை வரவழைத்தார்கள். அவர் உட்காரக்கூட இல்லையாம். "மதர்போர்டு போயிடுச்சும்மா. இதை மாத்தறதுக்குப் புதுசே வாங்கிடலாம். எப்படியும் இதிலே விண்டோஸ் பதினொண்ணு ஏறாது" என்று சொல்லி, நாற்பதாயிரம் ரூபாய்க்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

'அவர் சொல்வது நிஜந்தானா? நாற்பதாயிரத்தை எடுத்து வைக்கட்டுமா?' என்று கேட்கிறார் சகோதரி.

கொஞ்சம் பொறுங்கள், அம்மா. முதலில் ஒரு நூறு ரூபாய் நோட்டை எடுத்து வையுங்கள். அதிலும் சில்லறை மிஞ்சும். செத்துப்போன ஆசாமி, 'நான் செத்துப்போனேன்' என்று கடிதம் எழுதுவானா? மதர்போர்டு அடியோடு போயிருந்தால் திரையில் ஒரு எழுத்துக்கூட வந்திராது. எழுத்து வருகிறது, பெட்டி திறக்கிறது, தேதி மட்டும் பின்னால் போய்விட்டது என்றால் அது சாவு அல்ல, மறதி. அந்த மறதிக்கு மருந்து, ஒரு ரூபாய் நாணயத்தைப்போல் வட்டமாக இருக்கும் ஒரு பாட்டரி.

பயாஸ் என்ற பெயரைக் கேட்டுப் பயந்துவிடாதீர்கள். உங்கள் வீட்டில் விடியற்காலையில் முதலில் எழுந்திருப்பவர் யார்? வாசல் விளக்கைப் போட்டு, பால் வந்ததா என்று பார்த்து, காஸ் இருக்கிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா என்று கவனித்து, எல்லாம் சரியென்று தெரிந்த பிறகு, "மணி ஆறரை, எழுந்திருங்கள்" என்று மற்றவர்களை உலுக்குகிறாரே, அவர் செய்யும் வேலைதான் கம்ப்யூட்டருக்குள் பயாஸ் செய்யும் வேலை. மின்சாரம் வந்ததும் முதலில் விழித்துக்கொள்வது அதுதான். மெமரி இருக்கிறதா, கீ போர்டு இருக்கிறதா, டிஸ்க் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம்தான் விண்டோஸை எழுப்பும். விண்டோஸ், காப்பி ஆறிப் போவதற்குள் எழுந்திருக்கிற எஜமானர் மாதிரி. எழுந்த பிறகு வீடு முழுவதையும் தாமே நடத்துவதாக நினைத்துக்கொள்வார்!

காலையில் முதலில் எழுந்திருப்பவருக்குச் சில விஷயங்கள் ஞாபகம் இருக்கவேண்டும். இன்றைக்கு என்ன தேதி, யாரை முதலில் எழுப்புவது, விசிறி எவ்வளவு வேகத்தில் சுழல வேண்டும் என்பதெல்லாம் பயாஸின் குறிப்புப் புத்தகம். தேதியும் மணியும் பெட்டி அணைந்திருக்கும்போதும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அதற்குத்தான் அந்த வட்டப் பாட்டரி. மற்றக் குறிப்புகள் சில போர்டுகளில் பாட்டரி தயவில் இருக்கின்றன. சிலவற்றில் பாட்டரி போனாலும் நிலைக்கிற சிப்பில் இருக்கின்றன. எப்படியானாலும் பாட்டரி தீர்ந்தால் கடிகாரம் நிச்சயமாக மறந்துவிடும். 'புத்தகத்தில் எழுதினது கூட்டினால் சரியாக வரவில்லையே' என்று பயாஸ் முறையிடுவதுதான் அந்தச் செக்ஸம் எர்ரர்.

பாங்குப் பக்கம் ஏன் கதவைச் சாத்துகிறது என்றால், பாங்கு தன்னை இன்னார் என்று காட்டிக்கொள்ள ஓர் அத்தாட்சிப் பத்திரம் வைத்திருக்கிறது. அதில் 'இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை செல்லும்' என்று போட்டிருக்கும். உங்கள் பெட்டியோ 2019-ல் உட்கார்ந்திருக்கிறது. இன்னும் அச்சடிக்கவே அச்சடிக்காத டிக்கட்டைக் கொண்டுவந்து நீட்டினால் கண்டக்டர் நம்புவாரா? பாங்கின் மேலும் தப்பில்லை, இன்டர்நெட் மேலும் தப்பில்லை.

இந்தக் குறிப்புப் புத்தகத்துக்கு ஒரு பழைய கதை உண்டு. 1981-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனி தன் முதல் பர்ஸனல் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, பயாஸ் இருந்தது. பாட்டரிக் கடிகாரம் இல்லை. தினமும் பெட்டியைப் போட்டதும் அது தேதி கேட்கும். மனுஷர் சொல்லிக்கொடுக்க வேண்டும்! 1984-ல் வந்த ஏ.டி. என்ற மாடலில்தான் பாட்டரியில் ஓடும் கடிகாரச் சிப்பைப் பொருத்தினார்கள். அதில் குறித்துவைக்க 64 எழுத்துக்குத்தான் இடம். கடிகாரத்துக்கே 14 போய்விடும், மிச்சம் ஐம்பது. நம் மளிகைச் சீட்டின் முதல் மூன்று வரிகூட அதில் அடங்காது.

இதற்கு நடுவில் ஒரு வேடிக்கை. ஐ.பி.எம்.மின் பயாஸை மற்றவர்கள் அப்படியே நகல் எடுத்தால் கோர்ட்டுக்குப் போக வேண்டியதுதான். காம்பாக் என்ற புதுக் கம்பெனிக்காரர்கள் ஒரு யுக்தி செய்தார்கள். ஒரு கோஷ்டி அதைப் படித்துப் பார்த்து, 'இது என்னென்ன காரியம் செய்கிறது' என்று மட்டும் எழுதிக் கொடுத்தது. அசலைக் கண்ணாலும் பாராத இன்னொரு கோஷ்டி, அந்தக் குறிப்பை வைத்துக்கொண்டு புதிதாக ஒன்றை எழுதியது. அடுத்த வீட்டு ரசம் எப்படி மணக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, செய்முறையைப் பாராமலே நம் வீட்டில் வைப்பது மாதிரி. 1982 நவம்பரில் அவர்கள் தங்கள் பெட்டியை அறிவித்தார்கள். அப்புறம் ஆளுக்கு ஆள் செய்யத் தொடங்கிவிட்டார்கள். இன்று ஏதோ ஒரு கம்பெனியின் போர்டும் வேறு ஏதோ ஒரு கம்பெனியின் மெமரியுமாகச் சேர்த்து நம் தெருக்கோடிக் கடையில் பெட்டி கட்டிக் கொடுக்க முடிகிறதென்றால், அந்த ரசத்தின் மகிமைதான்.

பெட்டியைப் போட்டதும் 'அமெரிக்கன் மெகாட்ரெண்ட்ஸ்' என்று ஒரு பெயர் மின்னி மறைவதைப் பார்த்திருப்பீர்கள். பயாஸ் எழுதிக் கொடுப்பதையே தொழிலாகக் கொண்ட கம்பெனி அது. 1985-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாகாணத்தில் அதை ஆரம்பித்தவர்கள் சுப்ரமோனியன் சங்கர், பாட் சர்மா என்ற இருவர். நம் சென்னையிலும் அதற்கு ஆபீஸ் உண்டு. மயிலாப்பூர்ச் சகோதரியின் பெட்டியை எழுப்புகிற சமாசாரத்தில் கொஞ்சம் நம் ஊர்க் கைவண்ணமும் கலந்திருக்கலாம்!

இப்போது வருவதற்குச் சரியான பெயர் பயாஸ் அல்ல, யு.ஈ.எஃப்.ஐ. என்று படித்தவர்கள் திருத்துவார்கள். 2005-ல் பல கம்பெனிகள் கூடிச் சங்கம் அமைத்து வகுத்த புது ஏற்பாடு அது. வர்ணம் உண்டு, மவுஸ் உண்டு. ஆனாலும் எல்லாரும் பயாஸ் என்றே அழைக்கிறார்கள். சென்னை என்று பெயர் மாற்றிய பிறகும் பாட்டி மெட்ராஸ் என்றுதானே சொல்கிறாள்?

சரி, காரியத்துக்கு வருவோம். ஆனால் ஸ்குரூ டிரைவரை எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் பாக்கி இருக்கிறது. அதைச் செய்யாமல் பெட்டியைத் தொடவே வேண்டாம்.

இப்போதைய விண்டோஸ் பல வீடுகளில் டிஸ்க்கைத் தானாகவே பூட்டி வைத்திருக்கிறது. பூட்டியிருப்பதே வீட்டுக்காரருக்குத் தெரியாது! 2024 அக்டோபருக்குப் பிறகு வந்த விண்டோஸ் பதினொன்றைப் புதிதாகப் போட்டு, மைக்ரோஸாப்ட் கணக்கைக் கொண்டு திறந்த பெட்டிகளில் இது அநேகமாக நடந்திருக்கும். அந்தப் பூட்டின் சாவியை டி.பி.எம். என்ற சிப் வைத்துக்கொண்டு, தினமும் சத்தமில்லாமல் திறந்து விடுகிறது. பயாஸில் ஏதாவது மாறினால் அந்தச் சிப்புக்குச் சந்தேகம் வந்துவிடும். 'நீ வீட்டுக்காரி என்பதற்கு என்ன அத்தாட்சி? 48 இலக்கச் சாவியைச் சொல்' என்று நீலத் திரையில் கேட்கும். அந்த எண் கைவசம் இல்லையென்றால் முடிந்தது கதை. பேரனின் முதல் பிறந்த நாள், காலமாகிவிட்ட மாமியாரின் கடைசிப் போட்டோ எல்லாம் டிஸ்க்கில் பத்திரமாகத்தான் இருக்கும். பார்க்க மட்டும் முடியாது. எந்த இன்ஜினீயராலும் திறக்க முடியாத பூட்டு அது. திறக்க முடிந்தால் அதற்குப் பூட்டென்று என்ன பெயர்?

ஆகையால் முதலில் விண்டோஸில் ஸெட்டிங்ஸ் போய், 'டிவைஸ் என்கிரிப்ஷன்' அல்லது 'பிட்லாக்கர்' என்று தேடிப் பாருங்கள். பூட்டு இல்லை என்று காட்டினால் நிம்மதி. இருக்கிறதென்றால் 'ரிகவரி கீ' என்ற அந்த 48 இலக்கத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் உங்கள் மைக்ரோஸாப்ட் கணக்கிலேயே சேமித்திருக்கும்; போனிலிருந்துகூடப் பார்க்கலாம். அதைக் காகிதத்தில் எழுதி, இன்னொருவரை விட்டு வாசிக்கச் சொல்லி ஒரு தடவை சரிபார்த்து, ரேஷன் கார்டு இருக்கும் இடத்தில் வையுங்கள். கம்ப்யூட்டருக்குள்ளேயே எழுதி வைத்தால், பீரோச் சாவியைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினாற்போல்தான். போட்டோக்களையும் ஒரு தனி டிஸ்க்கில் நகல் எடுத்துக்கொண்டால் ராத்திரி தூக்கம் நன்றாக வரும்.

பாட்டரி மாற்றுவது, மிக்ஸி ஜாரைக் கழற்றி மாட்டுவதைவிடக் கஷ்டமில்லை. பெட்டியை அணைத்து, பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டு, ஸ்விட்சை ஒரு தரம் அழுத்துங்கள். உள்ளே தங்கியிருக்கும் மின்சாரம் போய்விடும். பக்கத்துத் தகட்டைக் கழற்றி, பெட்டியின் இரும்புச் சட்டத்தைக் கையால் ஒரு முறை தொட்டுக்கொள்ளுங்கள். இது சாஸ்திரம் அல்ல, உடம்பில் ஏறியிருக்கும் நிலை மின்சாரம் சிப்பைத் தாக்காமலிருக்க. போர்டில் பளபளவென்று வட்டமாக இருப்பதுதான் பாட்டரி. பக்கத்தில் இருக்கும் சிறு கொக்கியை நகர்த்தினால் துள்ளி வெளியே வரும். எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று முன்னதாகவே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். எழுத்துப் பொறித்த பக்கம் மேலே இருக்க வேண்டும். கடையில் 'ஸி.ஆர். 2032' என்று கேளுங்கள். அந்த எண்ணிலேயே அளவு இருக்கிறது; 20 மில்லிமீட்டர் அகலம், 3.2 மில்லிமீட்டர் கனம். கார்ச் சாவிக்கும் எடை பார்க்கும் மிஷினுக்கும் போடுகிற அதே பாட்டரிதான். மூன்று வோல்ட். ஷாக் அடிக்காது.

நம் வீடுகளில் ராத்திரி படுக்கப் போகும்போது சுவர் ஸ்விட்சையும் அணைக்கிற நல்ல வழக்கம் ஒன்று இருக்கிறது. அணைத்தால் கடிகாரம் பாட்டரியைத்தான் சாப்பிடும். அணைக்காவிட்டால் சுவர் மின்சாரத்திலேயே ஓடிக்கொள்ளும். அதனால் நம் வீட்டுப் பாட்டரி கொஞ்சம் சீக்கிரம் தீரலாம். இடி மின்னலுக்குப் பயந்து அணைக்கிறவர்கள் தொடர்ந்து அணையுங்கள். பாட்டரி மலிவு, மதர்போர்டு மலிவல்ல.

பாட்டரியைப் போட்டபின் பயாஸுக்குள் போய்த் தேதியும் மணியும் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெட்டியைப் போட்ட உடனே 'டிலீட்' அல்லது 'எஃப் 2' பொத்தானைத் தட்டிக்கொண்டே இருங்கள். கடைகளில் கட்டிக் கொடுக்கும் பெட்டிகளில் இந்த இரண்டில் ஒன்று பலிக்கும். ஹெச்.பி. பெட்டியானால் 'எஃப் 10'. தட்டித் தட்டி விரல் வலித்தும் விண்டோஸே வந்து நிற்கிறதென்றால், ஷட் டவுன் செய்யாமல் ரீஸ்டார்ட் கொடுத்துப் பாருங்கள். ஷட் டவுன் செய்தால் விண்டோஸ் முழுத் தூக்கம் தூங்குவதில்லை, அரைத் தூக்கம்தான்.

உள்ளே போனதும் ராக்கெட் நிலையம் மாதிரி எண்களும் வளைகோடுகளும் தெரியும். பயப்பட வேண்டாம். இங்கே ஒரு பெரிய ஆறுதல் இருக்கிறது. நீங்கள் மாற்றுகிறவற்றில் பெரும்பாலானவை, சேமிக்கச் சொல்கிற வரையில் நடைமுறைக்கு வரமாட்டா. அநேகமாக எல்லாப் போர்டிலும் 'எஃப் 10' என்றால் சேமித்து வெளியேறு என்று அர்த்தம். கை தவறி எதையோ தொட்டுவிட்டீர்களா? 'டிஸ்கார்ட்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்துச் சேமிக்காமல் வெளியே வாருங்கள். கோலத்தில் புள்ளி தப்பினால் துடைத்துவிடுகிற மாதிரி. மாற்றுகிற ஒவ்வொன்றுக்கும் முன்னால் போனில் ஒரு படம். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம். சேமித்து, விண்டோஸ் வருகிறதா என்று பார்த்த பிறகு அடுத்தது. நாலு மசாலாவை ஒரே சமயத்தில் மாற்றிவிட்டு எது காரம் என்று தேடினால் கிடைக்குமா?

வோல்டேஜ் என்று போட்ட இடங்களைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். அது பந்தயக் குதிரை வைத்திருப்பவர்களுக்கு. 'ஸாட்டா மோட்' என்பதையும் தொட வேண்டாம். மாற்றினால் விண்டோஸ் தன் டிஸ்க்கையே அடையாளம் தெரியாமல் விழிக்கும். பாட்டரி தீர்ந்தபோது அதுவே தானாக மாறியிருந்தால், முன்பு இருந்தபடி திருப்பி வைத்தால் போதும். 'டிஸ்க் போயிற்று' என்று சொல்லி விற்கப்படும் சில புது டிஸ்க்குகளின் கதை இதுதான்.

குடும்பப் பெட்டிக்குப் பிரயோஜனமான ஒன்று, மின்சாரம் போய்த் திரும்பி வந்தால் என்ன செய்வது என்ற குறிப்பு. 'ஏ.ஸி. பவர் லாஸ்' என்ற வார்த்தைகளோடு இருக்கும். அதை 'பவர் ஆஃப்' என்று வையுங்கள். கரண்ட் வந்த முதல் நிமிஷத்தில் டியூப் லைட் கண் சிமிட்டுவதைப் பார்த்திருக்கிறீர்களே, அந்தச் சமயத்தில் பெட்டி தானாக விழித்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. விசிறி ஓயாமல் இரைந்தால் அதன் வேகத்தையும் இங்கே சொல்லலாம். ஆனால் அதற்கு முன் ஒரு பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். பாதி இரைச்சல் தூசியின் இரைச்சல்தான்.

இனி கடைக்காரர் சொன்ன இரண்டாவது வார்த்தை. 'பதினொன்று ஏறாது' என்றாரே, அதைப் பார்ப்போம். நாற்பதாயிரம் அங்கேதான் இருக்கிறது.

2025 அக்டோபர் 14-ம் தேதியோடு விண்டோஸ் பத்துக்கு மைக்ரோஸாப்ட் கம்பெனி பாதுகாப்புத் திருத்தம் கொடுப்பதை நிறுத்திக்கொண்டது. விருப்பப்பட்டுப் பதிவு செய்துகொண்ட வீட்டுக்காரர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை அவகாசம் என்று அறிவித்தது. பாங்குக் காரியம் பார்க்கிற பெட்டிக்குத் திருத்தம் வராவிட்டால் ஆபத்து, அது வாஸ்தவம். ஆனால் விண்டோஸ் பதினொன்றுக்கு வேண்டியது என்ன? இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ, ஏ.எம்.டி. என்றால் ரைஸன் 2000 வரிசையோ அதற்குப் பிந்தியதோ. சில விலக்குகள் தவிர அவ்வளவுதான். அப்புறம் மேலே சொன்ன அந்த டி.பி.எம். காவலாளி, இரண்டாம் பதிப்பு. 2019-ல் வாங்கிய பெட்டியில் இவை இருக்கவே நியாயம் அதிகம். பின் ஏன் 'ஏறாது' என்கிறது சோதனை? அந்த நாளில் வந்த எத்தனையோ போர்டுகளில் இந்தக் காவலாளியைத் தூங்க வைத்தே கடைக்கு அனுப்பினார்கள். யாருக்கும் அப்போது அது தேவைப்படவில்லை. வேலைக்காரர் வீட்டில்தான் இருக்கிறார். எழுப்ப வேண்டியதுதான் பாக்கி.

எழுப்புவது எப்படி? பயாஸில் 'அட்வான்ஸ்டு' அல்லது 'செக்யூரிட்டி' என்ற பக்கத்தில் தேடுங்கள். இன்டெல் பெட்டியில் 'பி.டி.டி.' என்று இருக்கும், ஏ.எம்.டி. பெட்டியில் 'எஃப்.டி.பி.எம்.' என்று இருக்கும். 'எனேபிள்' செய்து, 'எஃப் 10'. விண்டோஸுக்குத் திரும்பி மைக்ரோஸாப்ட் இலவசமாகத் தரும் 'பி.ஸி. ஹெல்த் செக்' என்ற சோதனையை ஓட்டிப் பாருங்கள். பச்சை அடையாளம் வந்தால், முறையான விண்டோஸ் பத்து வைத்திருப்பவர்களுக்குப் பதினொன்று காசில்லாமல் ஏறும்.

இன்னும் சிவப்பே காட்டி, 'செக்யூர் பூட்' என்று குறை சொல்கிறதா? அப்படியானால் பெட்டி பழைய முறையில், அதாவது 'ஸி.எஸ்.எம்.' அல்லது 'லெகஸி' என்ற வழியில் விழித்துக்கொண்டிருக்கிறது. அதை உடனே அணைத்துவிடாதீர்கள். டிஸ்க்கின் உள் அமைப்பும் பழைய முறையில் இருந்தால் விண்டோஸ் வராது. திரை கறுத்து நிற்கும். நின்றாலும் ஒன்றும் போய்விடவில்லை. திரும்ப உள்ளே போய் ஸி.எஸ்.எம்.மைப் போட்டால் பழையபடி வந்துவிடும். டிஸ்க்கை அழிக்காமலே புது அமைப்புக்கு மாற்ற 'எம்.பி.ஆர். டு ஜி.பி.டி.' என்று விண்டோஸிலேயே ஒரு கருவி 2017-லிருந்து இருக்கிறது. இந்த ஒரு படியை மட்டும், நகல் எடுத்து வைத்த பிறகு, விவரம் தெரிந்த பிள்ளையையோ நம்பிக்கையான ரிப்பேர்க்காரரையோ பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்யச் சொல்வேன். கூலி கொடுத்தாலும் நாற்பதாயிரம் ஆகாது.

ஏழாம் தலைமுறை இன்டெல்லும் அதற்கு முந்தியதும் வைத்திருப்பவர்களுக்குக் கடைக்காரர் சொல்வது நியாயந்தான். முறையான வழியில் ஏறாது. எந்தத் தலைமுறை என்பதை 'ஸிஸ்டம் - அபௌட்' பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். ஐ5 என்ற எழுத்துக்குப் பின்னால் 9400 என்று இருந்தால் ஒன்பதாம் தலைமுறை. 7400 என்றால் ஏழு.

'பயாஸையே புதுப்பித்துவிடலாம்' என்று ஆலோசனை சொல்கிறவர்களும் உண்டு. காரணம் இல்லாமல் செய்ய வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். பாதியில் கரண்ட் போனால் முதலில் எழுந்திருக்கிற ஆளே எழுந்திருக்க மாட்டார். சில போர்டுகளில்தான் அதற்கு மாற்று வழி உண்டு. ஆனால் காரணம் உள்ள சமயமும் உண்டு. இன்டெல்லின் 13, 14-ம் தலைமுறை மேஜைக் கம்ப்யூட்டர்ச் சிப்புகள் பல, அளவுக்கு மேல் வோல்டேஜ் கேட்டுக் கேட்டுத் தம்மையே கெடுத்துக்கொண்டன. 2024 ஆகஸ்டில் அதற்குத் திருத்தம் பயாஸ் மூலமாகத்தான் வந்தது. கெட்டுப்போன சிப்பை அது குணப்படுத்தாது, கெடாததைக் காப்பாற்றும். அந்த ரகம் வாங்கியிருப்பவர்கள் யு.பி.எஸ். இருக்கும் சமயம் பார்த்து, போர்டின் சரியான மாடல் எண்ணுக்கு உரியதை, போர்டு செய்த கம்பெனியிடமிருந்தே எடுத்துப் போட்டுவிடுவது அவசியம். இரண்டு வருஷம் கூடுதல் வாரண்டியும் இன்டெல் அறிவித்திருக்கிறது. பில்லைத் தேடி எடுங்கள்.

பிள்ளைகள் பயாஸைக் கலைத்துவிடாமல் பாஸ்வேர்டு போடலாமா என்று இன்னொரு சகோதரி கேட்டிருக்கிறார். போடலாம். ஆனால் மேஜைப் பெட்டிகள் பலவற்றில் நாம் மேலே செய்தபடி பாட்டரியைக் கழற்றியோ, போர்டிலுள்ள ஒரு சிறு ஜம்பரை மாற்றியோ அதை அழித்துவிடலாம். பத்தாவது படிக்கிற பையனுக்கு இது உங்களுக்கு முன்பே தெரிந்திருக்கும். லாப்டாப்பில் அப்படி அல்ல. மறந்தால் கம்பெனி வாசலில்தான் போய் நிற்க வேண்டும்.

புதுப் பாட்டரி போட்ட பிறகும் மறுநாள் அதே செக்ஸம் வரி வருகிறதென்றால், அப்போது கடைக்காரரைக் கூப்பிடுங்கள். போர்டில் வேறு கோளாறு இருக்கலாம்.

கழற்றிய பழைய பாட்டரியை மேஜை மேல் வைத்துவிட்டுப் போகாதீர்கள். குழந்தைகளின் கண்ணுக்கு அது மிட்டாய். தீர்ந்துபோன பாட்டரியிலும் மிச்ச மின்சாரம் இருக்கும். விழுங்கினால் உணவுக் குழாயில் சிக்கி, இரண்டு மணி நேரத்துக்குள் புண்ணாக்கிவிடும். 20 மில்லிமீட்டர் அகலம் குழந்தையின் தொண்டைக்குச் சரியாகப் பொருந்துகிற அளவு என்பதால் இந்த ரகம்தான் ரொம்பவும் அபாயம். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே போதும். வாந்தி எடுக்க வைக்காமல், 'காலையில் பார்க்கலாம்' என்று தள்ளாமல், எக்ஸ்ரே வசதி உள்ள ஆஸ்பத்திரிக்கு உடனே தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். பழைய பாட்டரியின் இரு பக்கமும் ஒட்டும் டேப்பைச் சுற்றி, மூடி இறுகின ஒரு டப்பாவில் போட்டு எட்டாத பரணில் வையுங்கள். மின்சாதனக் கழிவு வாங்குகிறவர்கள் வரும்போது அந்த டப்பாவோடு கொடுத்துவிடலாம்.